அசதி தாங்கி

செங்கோடன் கொல்லிமலை ஏறிக்கொண்டிருந்தான். கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே ஏறிக்கொண்டிருந்தான்.

கால்கள் இரண்டும் வெள்ளைப் போர்வைக்குள் அசையாமல் கிடந்தன. ஆனால் தொடை அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காய்ந்தது. வளைவுக்கு வளைவு கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. மூச்சு நெஞ்சுக்குழியில் முட்டி முட்டித் திரும்பியது. அவன் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை, விரல் அகலத்துக்கு. அது லேசாகச் சுட்டது. எல்லாம் அந்தப் பட்டை வழியாகத்தான் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மலையில் நிஜமாக ஓடிக்கொண்டிருந்தவள் கோகிலவாணி. நாமக்கல் பக்கம் பெரிய கோழிப்பண்ணை வைத்திருப்பவள், நாற்பதைத் தாண்டியவள். அவள் அங்கே காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஓட, அவளுடைய அசதி மட்டும் சேலத்துக்கு வெளியே இந்தக் குளிரூட்டிய கூடத்துக்கு வந்து செங்கோடன் உடம்பில் குடியேறியது.

காதில் பொருத்திய கருவியில் அவள் குரல் கேட்டது.

"செங்கோடண்ணா, முழிச்சிட்டுத்தான இருக்கீங்?"

"உங்க காலு உடற உதைல எங்கீங் அம்மிணி தூங்கறது."

அவள் சிரித்தாள். செங்குத்தான மலைச்சாலையில் விடியலிலிருந்து ஓடுகிறவளின் சிரிப்பு. அதில் ஒரு துளி இரைப்பு இல்லை. கல்யாண வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவள் சிரிக்கிற மாதிரி இருந்தது. இரைக்க வேண்டியதை எல்லாம் இவன் இரைத்துக்கொண்டிருந்தான்.

இந்த வேலைக்கு வந்த முதல் நாள், கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஜெரால்டுதான் அவனுக்கு விளக்கிச் சொன்னான். தூத்துக்குடிக்காரன், கையில் எந்நேரமும் தேநீர்க் குவளை.

"ஓடுதது வேற, ஓடுனோம்ங்கிற அசதி வேற, அண்ணாச்சி. அசதிங்கது சதை மூளைக்கு அனுப்புத சேதி. 'போதும், நிறுத்து'ன்னு ஒரு சேதி. அந்தச் சேதியை நடுவழியில பிடிச்சு உங்க கழுத்துக்குத் திருப்பி விட்டுருதோம். அவங்க மூளைக்கு ஒண்ணும் போவாது. ஓடிக்கிட்டே இருப்பாங்க."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு வெறும் சேதி மட்டும்தான் வரும்."

அன்றைக்குக் கோகிலவாணி ஓடியது ஊர் ஏரியைச் சுற்றி ஒரே ஒரு சுற்று. முடித்துவிட்டுச் செங்கோடன் எழுந்து நின்றபோது முழங்கால் கழன்று ஜெரால்டு மேலேயே சாய்ந்தான். "வெறும் சேதிக்கா தம்பி இந்தப் பாடு?" என்றான்.

கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'உங்கள் எல்லையை இனி வேறொருவர் சுமப்பார்.' செங்கோடன் மாதிரி ஆட்களுக்குக் கம்பெனி வைத்த பெயர் தாங்கி. ஓடுகிறவர்கள் வசதியானவர்கள். இன்றைக்கு ஏரி, அடுத்து மலைப்படி, அதற்கடுத்து மலைச்சாலை என்று ஒவ்வொரு முறையும் போனதடவையைவிடப் பெரிய சவாலாக எடுத்து உடம்பை இறுக்கிக்கொள்ள வருகிறவர்கள். அவர்களுக்கும் அடுத்த சவாலுக்கும் நடுவே நிற்கும் ஒரே சுவர் அசதிதான் என்றும், சுவரை எடுத்துவிட்டால் உடம்பு எவ்வளவு வேண்டுமானாலும் தேறும் என்றும் கம்பெனி சொன்னது. எல்லோரும் நம்பினார்கள்.

கோகிலவாணிக்கு அது பொழுதுபோக்கு இல்லை. ஒருநாள் ஓட்டத்துக்கு நடுவில் அவளே சொன்னாள். அவள் புருசன் பண்ணைக் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றைக்குக் கைப்பேசியில் உயிர் இல்லை. ரோட்டுக்கு ஓடிப்போய் வண்டியை நிறுத்த வேண்டும். பாதி தூரத்தில் மூச்சு அடைத்து வேலிக்கால் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். வண்டி வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

"அந்தாளு கெடக்கறாரு, நான் உக்காந்துட்டேனுங்ணா. எந்திரிக்கோணும்னு நெனைக்கறேன், ஒடம்பு எந்திரிக்க மாட்டீங்குது. இனி ஒருக்காலும் இந்த ஒடம்பு சொல்லி நான் உக்கார மாட்டேன்."

அதற்குப் பிறகு செங்கோடன் அவள் அசதியைக் கூலிக்குச் சுமக்கவில்லை. தன்னோடு சேர்ந்து தோள் கொடுக்கும் ஆள் ஒருத்தரின் சுமையாக நினைத்துச் சுமந்தான். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, கம்பெனி விடாது. ஆனால் அவளுடைய இடது குதிகால் எப்போது கடுக்கும், வலது விலாவில் எப்போது குத்தும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுவான். அவன் மனைவி பூங்கொடி ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நல்ல பொழப்பு. எவளோ ஒருத்தி அசதியத் தூக்கிட்டு வந்து என் ஊட்டுல கொறட்டை உடு. எம்பட அசதியக் கேக்கறதுக்கு நான் எங்க போயி ஆளு புடிக்கறது?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் தூங்கிப்போனான்.

இந்த வேலைக்கு முன் செங்கோடன் மின்கம்பம் தூக்கியவன். வண்டி போகாத மலையூர்களுக்குக் கம்பத்தைக் கயிற்றில் கட்டி, குறுக்குக்கட்டை கொடுத்து, தோளில் ஏற்றிக் கொண்டுபோகும் கூட்டத்தில் மீசை முளைத்ததிலிருந்து இருந்தான். தோள் எலும்பு இறங்கிப்போன பிறகுதான் நின்றான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்பத்துக்கு அடியில் இருப்பவன் 'முடியல' என்று சொல்லக் கூடாது. ஒருத்தன் சொன்னால் அது தோளுக்குத் தோள் தாவும். எல்லோர் முழங்காலும் ஒன்றாக மடியும். கம்பம் உருண்டால் பள்ளத்தில் ஆளைத் தேடிப் பொறுக்க வேண்டியதுதான். அதனால் அதைச் சொல்வது சுமப்பவன் வேலை இல்லை, பின்னால் வருகிறவன் வேலை. முன்னால் இருப்பவன் முழங்கால் ஆடுகிறதா என்று பின்னால் இருப்பவன் பார்த்துக்கொண்டே வருவான். ஆடினால் பேர் சொல்லிக் கூப்பிடுவான். மாற்றாள் வந்து தோள் கொடுப்பான். சுமப்பவனை யாராவது 'எப்படி இருக்குது' என்று கேட்டால் 'பரவால்ல' என்றுதான் பதில். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அது மரியாதை.

தாங்க முடியாத கட்டம் வந்தால் 'இறக்கு' என்று சொல்ல வேண்டும் என்று கம்பெனியிலும் சொல்லித்தான் கொடுத்தார்கள். செங்கோடன் தலையை ஆட்டினான். சுமையை எப்போது இறக்குவது என்று அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அது எப்போதும் பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்கிற காரியம்.

இன்றைய ஓட்டம் கம்பெனி இதுவரை நடத்தாதது. அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவு அத்தனையும் ஏறி, மேலே உள்ள செம்மேட்டைத் தொட்டு, அடிவாரம் வரை இறங்கி, மறுபடி உச்சிக்கு ஏற வேண்டும். மேலே பந்தல், ஒலிபெருக்கி, படக்கருவிகள். கோகிலவாணியின் முகத்தைத்தான் கம்பெனி விளம்பரத்தில் போட்டிருந்தது.

முதல் ஏற்றம் எரித்தது. எரிச்சல் அவனுக்குப் பழகிய சங்கதி. இறக்கம்தான் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் யாரோ தொடையில் உலக்கையால் இடித்தார்கள். பல்லைக் கடித்தான். இறக்கம் முடிந்து மறுபடி ஏற்றம் தொடங்கியபோது எரிச்சல் நின்றுவிட்டது. இழுப்பும் நின்றது. ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி சதைக்குள் ஏதோ முறுகிக்கொண்டே போனது. இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கினார்கள். இப்படி ஒன்றை அவன் எந்தக் கம்பத்துக்கு அடியிலும் அனுபவித்ததில்லை. 'கனம் கூடிப்போச்சு' என்று மட்டும் நினைத்தான். கனம் கூடினால் கூடுதலாகத் தாங்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஜெரால்டு திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. எப்படி இருக்கு?"

"பரவால்லீங்."

ஜெரால்டு திரையைப் பார்த்தான். கோகிலவாணியின் துடிப்பு, சூடு, மூச்சு எல்லாம் பச்சையில் ஓடின. குவளையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணா," என்றது காதில் குரல். "றெக்கை மொளச்சாப்புல இருக்குதுங். இன்னிக்கு இந்த மலைய இன்னொருக்கா ஏறச் சொன்னாலும் ஏறுவேன். உங்களுக்குத் தாங்குதுங்ளா?"

"நீங்க ஓடுங் அம்மிணி. இங்க நான் பாத்துக்கறேன்."

அவன் ஜெரால்டைப் பார்த்தான். பையன் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நேரம் வந்தால் கூப்பிடுவான். செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வளைவுக்குத் தோளைக் கொடுத்தான். உச்சந்தலையில் வியர்வை ஊறித் தலையணை நனைந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்களை விரிக்க நினைத்தான். விரியவில்லை.

கொஞ்சம் பொறுத்துக் கோகிலவாணி மறுபடி பேசினாள்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. தண்ணி பத்தலையாட்ட இருக்குதுங். இப்ப ஒதுங்கிட்டு வந்தேன், கடுங்காப்பியாட்டம் போவுது. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னுங் வெக்கம், என் ஒடம்புல பாதி உங்ககிட்டத்தான கெடக்குது."

செங்கோடன் சிரிக்க முயன்றான். பின்னால் குவளை மேசையில் இடறித் தேநீர் கொட்டும் சத்தம் கேட்டது. ஜெரால்டு கட்டில் தலைமாட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணாச்சி. உண்மையச் சொல்லுங்க. இடுப்புக்குப் பின்னால ஏதாவது செய்யுதா?"

"ரண்டு பக்கமும் அமுக்குதுங்."

"எப்பலேர்ந்து?"

"எறக்கம் முடிஞ்சதுலீர்ந்து."

"சதை கரையுது, அண்ணாச்சி. கரைஞ்ச சதை ரத்தத்துல போயி சிறுநீரகத்த அடைக்குது. இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

செங்கோடனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நீங்கதான பின்னால இருந்து பாத்துட்டு இருந்தீங்?"

"நான் திரையைப் பாத்தேன்! இது திரையில வராது. அவங்களுக்கும் தெரியாது. இந்த உலகத்துல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்!"

செங்கோடன் கண்ணைத் திறந்தான். மேலே வெள்ளைக் கூரை. தனக்குப் பின்னால் யாருமே வரவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜெரால்டு பார்ப்பான் என்று இவன் இருந்தான், இவன் சொல்வான் என்று அவர்கள் இருந்தார்கள். நடுவில் அந்தப் பெண்பிள்ளை பள்ளத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

"எறக்குங்," என்றான். "எறக்குங் தம்பி, எறக்கு."

"இப்ப இறக்க முடியாது." ஜெரால்டு பட்டையைக் கையால் அமுக்கிப் பிடித்தான். "இவ்வளவு நேரம் தாங்கி யாரும் இறக்குனதில்ல. பட்டையைக் கழட்டினா அந்த உடம்பு அடக்கி வெச்ச மொத்தத்தையும் ஒரே மூச்சுல கத்தும். அந்தக் கத்தல்லயே நெஞ்சு நின்னுரும். முதல்ல அவங்க ஓட்டத்த நிறுத்தணும், படுக்கணும், மருந்து ஏறணும். அதுக்கப்புறம் கொஞ்சங்கொஞ்சமா இறக்கணும். அதுவரைக்கும் நீங்க விட்டுரக் கூடாது."

அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் பந்தல் இரைச்சலோடு பதில் வந்தது. "என்னப்பா, எல்லாம் பச்சைல இருக்கு? இன்னும் நாலு வளைவு. ஊரே பாத்துக்கிட்டிருக்கு. அந்தாளு சோர்ந்துட்டான்னா வேற தாங்கியப் போடு." இணைப்பு அறுந்தது.

ஜெரால்டு நேரே கோகிலவாணியிடம் பேசினான். "மேடம், நில்லுங்க. உடனே நில்லுங்க."

"எதுக்குங் தம்பி?"

"உங்க சதை உடையுது மேடம். உயிருக்கு ஆபத்து."

"எனக்கு ஒரு வலியும் இல்லியே. இப்பத்தான் காலு பூப்போல இருக்குது. மேல மைக்குல எம்பேரச் சொல்றாங்க, இங்க கேக்குது."

"வலிக்காது மேடம், அதுதான் சிக்கலே..."

"தம்பி," அவள் குரல் இறுகியது. "உக்காருன்னு என்னைய ஒருக்கா ஒடம்பு சொல்லிச்சு. கேட்டேன். அன்னிக்கு என்ன போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப நீங்க ஒரு ஆளு சொல்ல வந்துட்டீங்களாக்கு. உடுங்."

அவள் காலடிச் சத்தம் காதில் தடதடத்தது. வேகம் கூடியிருந்தது. செங்கோடன் இடுப்பில் கட்டைவிரல் இரண்டும் எலும்பு வரைக்கும் இறங்கின.

"அம்மிணி," என்றான்.

"நீங்களே சொல்லுங்ணா. நல்லாத்தான இருக்கறோம்? உங்களுக்குத் தாங்குதுதான?"

பரவால்ல என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. மற்ற வார்த்தை எங்கேயோ அடியில் கிடந்தது. அதைத் தூக்குவது எந்தக் கம்பத்தைத் தூக்கியதைவிடவும் கனமாக இருந்தது. அவள் செத்துப்போவாள் என்று சொன்னால் நிற்க மாட்டாள், அது தெரிந்துவிட்டது.

"முடியலீங் அம்மிணி."

"என்னண்ணா?"

"முடியல. என்னால முடியல. தாங்க மாட்டீங்குது."

காலடிச் சத்தம் இரண்டு எட்டு இழுத்துக்கொண்டு போய் நின்றது. காற்று மட்டும் கேட்டது.

"அட சாமி! மொதல்லயே சொல்றதுக்கென்னுங்! நின்னுட்டேன். இத பாருங், நின்னுட்டேன். கல்லு மேல உக்காந்துட்டேன். நீங்க மூச்ச உடுங்ணா, மூச்ச உடுங். தம்பி, அண்ணனுக்குத் தண்ணி குடுங். இவரு இப்படிப் பேசுன ஆளே இல்ல."

செங்கோடன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. ஜெரால்டு மலையிலிருந்த மருத்துவ வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: எந்த வளைவு, எந்த ஊசி, எப்படிப் படுக்க வைப்பது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கட்டிலே ஆடிக்கொண்டிருந்தது.

ஜெரால்டு அலமாரியிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்தான். தன் கழுத்தில் மாட்டி, விசையைப் பாதிக்குத் திருப்பினான்.

மறுகணம் மண்டி போட்டான். குடித்த தேநீர் முழுக்கத் தரையில் வந்தது.

"யம்மா... இதையா வெச்சுக்கிட்டு பரவால்லன்னீங்க?"

"பாதி போனதுக்கே எனக்குக் காத்து வருது, தம்பி."

ஜெரால்டு கட்டில் காலைப் பிடித்தபடி தரையிலேயே சாய்ந்துகொண்டான். இரண்டு பேரும் ஒரே இரைப்பாக இரைத்தார்கள். பிறகு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்:

"முதல்ல காலேஜ் பயலுவளத்தான் தாங்கியா எடுத்தோம், அண்ணாச்சி. ஏரியச் சுத்தி முடிக்கதுக்குள்ள 'இறக்கு இறக்கு'ன்னு கத்துனானுவ. ஓட வந்தவங்க யாரும் ரெண்டாந்தடவ வரல. அப்பறம்தான் மேலேர்ந்து சொன்னாங்க, சுமை தூக்குனவனாப் பாத்துப் பிடி, அவன்தான் வாயத் தொறக்க மாட்டான்னு. பிடிச்சவன் நான்தான்."

வண்டி மலையிறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் வரை, 'முடியல' என்று சொன்னவன் விடாமல் தாங்கிக்கொண்டே கிடந்தான்.

கோகிலவாணி பிழைத்தாள். ஒரு வாரத்துக்கு மேல் ரத்தத்தை இயந்திரம்தான் சுத்தம் செய்தது. சாதாரண அறைக்கு மாற்றிய பிறகு செங்கோடன் பார்க்கப் போனான். அதுதான் முதல் சந்திப்பு. அவன் நினைத்ததைவிட அவள் குள்ளம். கன்னம் ஒட்டி, பாதம் வீங்கியிருந்தது. அவளும் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்வளவு ஒல்லியான ஆளா இருப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா ஏரியோடயே நின்னிருப்பனே."

மருத்துவர் பர்வீன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். செங்கோடனையும் அவர்தான் பரிசோதித்திருந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கறப்ப சொல்லணும்னு காத்திருந்தேன்," என்றார். "கோகிலவாணி, இத்தனை மாசம் நீங்க ஓடுனதுல உங்க உடம்பு எவ்வளவு தேறியிருக்குன்னு நெனைக்கிறீங்க?"

"ஏரி சுத்துனவ மலை ஏறியிருக்கேனுங்களே?"

"உங்க சதை, இதயம், நுரையீரல் எல்லாம் பாத்தாச்சு. ஏரி சுத்துன அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. இம்மி தேறல. நீங்க தூரம் போனது உடம்பு தேறி இல்லம்மா. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால போனீங்க."

கோகிலவாணி போர்வைக்கு மேலே தொடையை அமுக்கிப் பார்த்தாள்.

"உடம்பு ஓடறதால தேறறதில்ல. களைச்சதால தேறுது. களைச்சுட்டோம்ங்கற சேதி கெடைச்சாத்தான் ராத்திரி படுத்ததும், 'சரி, அடுத்த தடவைக்கு இன்னும் கெட்டியாக் கட்டுவோம்'னு அது வேலைய ஆரம்பிக்கும். அந்தச் சேதி உங்களுக்கு ஒருநாளும் வரல." மருத்துவர் செங்கோடன் பக்கம் திரும்பினார். "இவருக்கு வந்துச்சு. கட்டில்ல படுத்தே கெடந்த மனுசனுக்கு இருவது வயசுப் பந்தயக்காரன் காலும் நெஞ்சும் இருக்கு."

செங்கோடன் தன் வேட்டிக்கு வெளியே தெரிந்த கெண்டைக்காலைப் பார்த்தான். திருடிய பொருளோடு அகப்பட்டவன் மாதிரி வேட்டியை இழுத்து மூடினான்.

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பிலேயே அழுதாள். "மூடறீங்களாக்கு? அது எங்காலுங்ணா. பத்திரமா வெச்சுக்குங்."

மருத்துவர் போனதும் கதவோரம் ஜெரால்டு நின்றிருந்தான். உள்ளே வரத் தயங்கினான். செங்கோடன் வாசல்வரை போனான்.

"கம்பெனியில அனுப்புனாங்க அண்ணாச்சி. இந்த ரிப்போர்ட்டு அவங்களுக்கு முன்னாலயே போயிருச்சு."

"மூடிட்டாங்களா?"

"மூடுததா?" ஜெரால்டு தரையைப் பார்த்தான். "தலைகீழாத் திருப்பிட்டாங்க. இனிமே வசதியானவங்க கட்டில்ல படுப்பாங்க. அசதி அவங்களுக்குப் போவும், அவங்க உடம்பு தேறும். மலை ஏறி ஓடுததுக்குத்தான் ஆளு வேணுமாம். அசதியே தெரியாத வேலைன்னு விளம்பரம் போட்டாச்சு. உங்க கம்பத்து ஆளுங்க நெறைய பேரு வந்து நிக்காங்க."

செங்கோடனுக்குக் கொஞ்சநேரம் பிடிபடவில்லை. பிடிபட்டபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மலையில் ஒருத்தன் றெக்கை முளைத்த மாதிரி ஓடுவான். அவன் சதை கரைவது அவனுக்குத் தெரியாது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு லேசாகக் கடுத்தால் போதும், கையை உயர்த்துவார், பட்டையைக் கழற்றுவார்கள். மொத்த அசதியும் மலையில் ஓடுகிறவன் தலைமேல் விழும்.

"முதல் ஆளா மேடத்தக் கேக்கச் சொன்னாங்க," என்றான் ஜெரால்டு மெதுவாக. "அவங்க படுத்திருந்தாப் போதுமாம். நீங்க ஓடினா அவங்க சீக்கிரம் எந்திரிச்சுருவாங்களாம். உங்க காலு இப்ப நல்லா இருக்குல்லா, அதான்."

செங்கோடன் திரும்பிப் பார்த்தான். கோகிலவாணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போர்வையைத் தள்ளிவிட்டுக் காலைக் கீழே தொங்கவிட்டிருந்தாள். அவள் கேட்டால் அவனால் மறுக்க முடியுமா? அவன் காலில் இருப்பதே அவளுடையது. ஒரு நாலு மலை ஏறித் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே ஓட்டக் காலணி மாட்டிவிடுவான்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள். செங்கோடன் கை கொடுக்கப் போனான்.

"கிட்ட வராதீங்."

கதவைத் தாண்டினாள். ஜெரால்டைத் தாண்டினாள். "அவிங்ககிட்டச் சொல்லிருங் தம்பி," என்றாள் திரும்பாமலே. "எனக்கும் கட்டில் வேண்டாம், எங்கண்ணனுக்கும் மலை வேண்டாம்." சுவரைத் தடவிக்கொண்டே நடைவழியில் போனாள். செவிலியர் மேசை வரைக்கும் போகவில்லை. அதற்குள் முகமெல்லாம் வியர்த்தது. வாய் திறந்து மூச்சு சீழ்க்கை அடித்தது. கால் நடுங்க நடுங்கச் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செங்கோடன் ஓடிப்போய் எதிரில் குந்தினான். அவனுக்கு ஒரு மூச்சும் வாங்கவில்லை.

"அடேயப்பா..." அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், தொடையில் வைத்துப் பார்த்தாள். புதிதாகப் பிறந்த பிள்ளையைத் தடவிப் பார்க்கிற மாதிரி. "எரியுதுங்ணா. தொடை ரண்டும் எரியுது. வெலாவுல குத்துது. நாலு எட்டுக்கே இப்படியா?"

"ஆமாங்."

"இத்தன நாளா இதையா சுமந்தீங்?"

"இது கொஞ்சமுங்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. நடைவழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கப்பட்டு எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

"இருங் அம்மிணி," என்றான் செங்கோடன். "ஒரு அவசரமும் இல்ல. இது உங்களுது. முழுசா வாங்கிட்டு எந்திரிங்."